இடது துடுப்புக்கு மேலே ஒரு விளக்கு

கைலாசம் அண்ணாச்சி, நீங்கள் கொடுத்தனுப்பிய பேனா நன்றாக எழுதுகிறது. தபால் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவரிடம் நல்ல பேனா இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். இந்தக் காகிதம் ஜெபராணி டீச்சரின் பள்ளி நிர்வாகத்துக்குப் போகும் என்றும் சொன்னீர்கள். அவர்களுக்கு நம் தெருவும் தெரியாது, என்னையும் தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் திருஞானசம்பந்தம்; தெருவில் சம்பந்தம் என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் நீதிமன்ற அலுவலகத்தில் சிரஸ்தார். கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டின் ஒரு பாதியில் நான் இருக்கிறேன். மறுபாதியில் 1995 சனவரி முதல் ஜெபராணி டீச்சர் குடியிருக்கிறார். கணக்கு டீச்சர், நாற்பது வயது, தனியாள். இரண்டு பாதிக்கும் பொதுவாக ஒரு வராந்தா உண்டு. சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் அவர் நோட்டுத் திருத்துவார்.

என் கூடத்தில் ஒரு பின்பால் மிஷின் இருக்கிறது. தூத்துக்குடியில் மாலுமிகளுக்கான மன்றம் ஒன்றை மூடியபோது ஏலத்தில் எடுத்தேன். சாய்ந்த மேஜை, மேலே கண்ணாடி. உள்ளே எஃகுக் குண்டு ஒன்று ஓடும். பட்ட இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும், புள்ளி ஏறும். குண்டு கீழே வரும்போது பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால், துடுப்பு மாதிரி இருக்கும் இரண்டு கைகள் துள்ளி அதைத் திரும்ப மேலே அடிக்கும். தவறவிட்டால் குண்டு பள்ளத்தில் போய்விடும். நம் தெருக்காரர்கள் இதைக் குண்டு மிஷின் என்பார்கள்.

ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் வருவீர்கள். ஆளுக்கு ஓர் ஆட்டம். அதிகபட்சப் புள்ளியைச் சுவரில் கரியால் எழுதி வைப்பது வழக்கம். இரண்டு வருஷமாக அங்கே என் பெயர்தான் இருந்தது. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். நான் ஆடும்போது என் பின்னால் பத்துப் பேராவது நிற்பார்கள். அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் என் பின்னால் வந்து நின்று, நான் செய்வதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நீங்கள்தான், "நீங்களும் ஒரு கை பாருங்களேன் டீச்சர்" என்றீர்கள். முதல் ஆட்டத்தில் குண்டு உடனே பள்ளத்தில் போயிற்று. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் அவர் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் எடுத்தார்.

"எப்படி டீச்சர்?" என்று கேட்டேன்.

"எல்லாம் கோணந்தான சார். இங்கன பட்டா அங்கன போகும். பாத்துட்டே இருந்தாத் தெரிஞ்சிரும்" என்றார்.

அடுத்த வாரங்களில் என் பின்னால் நின்றவர்கள் அவர் ஆடும்போது அவர் பின்னால் போய் நின்றார்கள். அதில் தவறில்லை. நான் ஆடும்போது காப்பி குடிக்கப் போனார்கள். அதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதிகளை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

மிஷினின் இடது துடுப்புக்கு மேலே கொஞ்சம் இருட்டு உண்டு. எல்லாரும் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே ஜூன் மாதம் அங்கே கூடுதலாக ஒரு விளக்குப் பொருத்தினேன். பொதுநலன் கருதிச் செய்த வேலை அது. கண்ணாடியைக் கழற்றி, துடுப்புக்கு மேலுள்ள ரப்பர் வளையத்தின் ஸ்குரூவில் சின்னத் தகடு ஒன்றை முடுக்கினேன். அந்தத் தகட்டில் பல்பு. கோயில் கொடைத் திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட்டில் மினுக்குவதற்கென்று ஒரு பல்பு இருக்குமே, அதுதான். மிஷினுக்குள் ஓடும் மின்சாரத்துக்கு அது சரியாகப் பொருந்தும்.

பல்பைச் சுற்றி ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு வைத்து, உள்பக்கம் கரி பூசினேன். வெளிச்சம் சிதறாமல் ஒரே கோடாகப் போகும். மிஷினில் மூன்று லட்சம் தாண்டியதும் ஒரு சிவப்பு அம்பு எரியும். அந்த அம்பின் ஒயரிலிருந்து விளக்குக்கு இணைப்பு எடுத்தேன். ஆகவே மூன்று லட்சம் தாண்டாதவர்களுக்கு விளக்கு எரியாது. குழாயை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்தேன். ஐந்தடி ஒன்பது அங்குலம் உள்ள என் போன்றவர்களுக்கு வெளிச்சம் சட்டைப் பொத்தானில் விழும். நாலடி பதினொரு அங்குலம் உள்ளவர்களுக்கு நேராக இடது கண்ணில் விழும்.

நம் தெருவில் நாலடி பதினொரு அங்குலமும், மூன்று லட்சம் தாண்டும் திறமையும் உள்ளவர் ஒருவர்தான் என்பது உண்மை. இருட்டைப் போக்க வைத்த விளக்கின் வெளிச்சம் துடுப்பின்மேல் விழவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அந்த ஞாயிறு டீச்சர் மூன்று லட்சத்து நாலாயிரத்தில் தவறவிட்டார். கண்ணைக் கசக்கினார்.

"சார், கண்ணுல வெள்ளையா என்னமோ மின்னுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கு ஒன்றும் தெரியலையே டீச்சர்" என்றேன். நான் நின்ற இடத்திலிருந்து உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நிர்வாகம் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த வாரம் அவர் ஆட்டத்தை விட்டு விலகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது" என்றார்.

அவருடைய அப்பா நேசையா, களக்காட்டுப் பக்கம் வாத்தியாராக இருந்தவர். ஐம்பது வயதில் பார்வை முழுக்கப் போயிற்று. கடைசிப் பன்னிரண்டு வருஷம் டீச்சர்தான் கையைப் பிடித்து நடத்தியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். இதெல்லாம் விளக்குப் பொருத்துவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஈஸ்டருக்குப் பலகாரம் கொண்டுவந்தபோது அவரே சொல்லியிருந்தார். இதை எழுதாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது.

டவுனில் உள்ள கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார். வேறு இரண்டு டாக்டர்களும் அதையே சொன்னார்கள். மூன்றாமவர் ஆறுதலுக்காக ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர், "மூணு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதாங்கன்னா, என்னமோ மறைக்காங்கன்னு அர்த்தம்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. கணக்கு தெரிந்தவர், அவரே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி வராந்தா பல்பைப் பற்றி. அது அறுபது வாட். ஜூலையில் அது எரிந்துபோனதும் நாற்பது வாட் போட்டேன். ஆகஸ்டில் அந்த நாற்பது எரிந்துபோகவில்லை. ஆனாலும் இருபத்தைந்து போட்டேன். அக்டோபரில் பதினைந்து. ஒவ்வொரு முறையும் டீச்சர் நோட்டைக் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனார். "சார், இன்னிக்கு எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது" என்பார். "எனக்கும் வயதாகிறது டீச்சர்" என்பேன். அதுவும் உண்மைதான்.

அவர் தன் மொபெட்டை விற்றுவிட்டார். காலையில் அவரைப் பள்ளிக்கூட வாசல்வரை நான் கொண்டுவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக் கொடுப்பேன். படியிறங்கும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். "நீங்க இல்லேன்னா நான் என்ன செய்வேன் சார்" என்று ஒரு நாள் சொன்னார். என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு ஆட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. "கண்ணு இந்த வாரம் எப்படி இருக்குன்னு பாக்குதேன்" என்பார். மூன்று லட்சம் தாண்டியதும் மின்னும். குண்டு பள்ளத்தில் விழும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சுவரில் என் பெயர் அப்படியே இருந்தது.

செப்டம்பருக்குப் பிறகு சாயங்கால வேளைகளில் டீச்சரின் பாதியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. போய்ப் பார்த்தேன். டீச்சர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு என்று எண்ணி நடந்தார்.

"இப்பமே பழகிக்கிடணும்லா சார். அப்பா பழகாம ரொம்பக் கஷ்டப்பட்டாவ" என்றார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கீழே சிந்தியிருந்த அரிசியை நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

நவம்பரில் பள்ளிக்கூடத்தில் அவரைத் தலைமை ஆசிரியை ஆக்குவதாகச் சொன்னார்கள். பதினேழு வருஷம் அவர் காத்திருந்த பதவி. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கடிதத்தை நான்தான் எழுதினேன். "பார்வைக் குறைபாடு நாளுக்கு நாள் கூடிவருவதால்" என்று தொடங்கும் அந்தக் கடிதம் நிர்வாகத்தின் கோப்பில் இருக்கும். நடை நன்றாக இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு அந்த இடம் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் என் விரலை நம்பினார்.

டிசம்பரில் வீட்டைக் காலி செய்வது என்று முடிவாயிற்று. தச்சநல்லூரில் இருக்கும் தங்கை கிரேஸ் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு கிரேஸும் வந்திருந்தார். நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். டீச்சர் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடுகிறேன் என்றார்.

மூன்று லட்சம் நெருங்கியபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிரேஸிடம் கொடுத்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"என்னக்கா செய்யுத?" என்று கிரேஸ் கேட்டார்.

"சும்மா இரு. சத்தம் கேக்கணும்."

அவர் தலையைச் சாய்த்துக் காதை மிஷினின் மேல்கண்ணாடியருகே கொண்டுபோனார். குண்டு மணியில் பட்டது, ரப்பரில் பட்டது, மரத்தில் உருண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். இரண்டு வருஷம் ஆடிய எனக்கு அவை வெவ்வேறு சத்தம் என்று தெரியாது. துடுப்புகள் சரியான நேரத்துக்குத் துள்ளின. மூன்றரை லட்சம். நாலு லட்சம். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் தாண்டியபோது நீங்கள் கைதட்டினீர்கள் அண்ணாச்சி. நான் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. டீச்சர் தலையைச் சாய்த்ததும் வெளிச்சத்துக்கு வழி திறந்தது. பின்னால் நின்ற கிரேஸ், தன் அக்காவைவிட இரண்டு அங்குலம் உயரம். கோடு அவர் முகத்தில் போய் முடிந்தது.

"ஏ அக்கா, என் கண்ணுலயும் மின்னுது" என்றார் கிரேஸ். பிறகு கையை நீட்டி அந்த வெளிச்சத்தை மறித்தார். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு அணைந்து அணைந்து எரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

டீச்சர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆறு லட்சத்து நாற்பத்தோராயிரத்தில் குண்டு விழுந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். தங்கையின் கையைப் பார்த்தார். குனிந்து குழாயைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சார், உங்க உயரம் என்ன?" என்று கேட்டார்.

"ஐந்தடி ஒன்பது."

அவர் உதடுகள் அசைந்தன. மனதில் கணக்குப் போடும்போது அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"வராந்தா பல்பும் நீங்கதானா?"

நான் பதில் சொல்வதற்குள் நீங்கள் வெளியே போய்ப் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். "பதினஞ்சு வாட்டுவே இது. என்னவே சம்பந்தம், மனுசன் செய்யுத காரியமாவே இது?" என்றீர்கள். கிரேஸ் அழுதார். டீச்சர் அழவில்லை. கண்ணாடியைத் தங்கையிடமிருந்து வாங்கி என் மேஜைமேல் வைத்தார். "ஆறு மாசம் சார்" என்றார். அவ்வளவுதான். என் வீட்டு வாசற்படியை யார் கையையும் பிடிக்காமல் இறங்கிப் போனார்.

ஆகவே நான் ஒப்புக்கொள்கிறேன். ஜெபராணி டீச்சரின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை; எக்காலத்திலும் இருந்ததில்லை. விளக்கைப் பொருத்தியது, பல்புகளை மாற்றியது, கடிதத்தை எழுதியது எல்லாம் நான், முழுச் சுயநினைவுடன். தலைமை ஆசிரியை பதவியை நிர்வாகம் அவருக்கே அளிக்க வேண்டும். இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்றும், இந்தக் காகிதம் போனால் போதும் என்றும் நீங்கள் சொன்னீர்கள். மகிழ்ச்சி.

நேற்றுக் காலை டீச்சர் வராந்தாவில் நின்று, எதிர்வீட்டு மாடியில் காயும் சேலையின் கரையில் எத்தனை மயில் என்று எண்ணிக் கிரேஸிடம் சொன்னதைக் கேட்டேன். பதினான்கு. நானும் எண்ணிப் பார்த்தேன், சரிதான். மூன்று டாக்டர்கள் ஆறு மாதம் பார்த்தும் தீர்க்க முடியாத குறை, மிஷினிலிருந்து அந்த விளக்கைக் கழற்றிய மறுநாளே தீர்ந்துவிட்டது. அதை ஸ்குரூ டிரைவரால் கழற்றியது நான்தான் என்பதை இதுவரை யாரும் குறிப்பிடவில்லை. எனக்கு நன்றி எதுவும் வேண்டாம். பதிவில் இருந்தால் போதும்.