கமலநாதன் அண்ணனின் இனிப்பு டப்பா

தே ஓ கலக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். பால் கிடையாது, தேயிலைச் சாயம் நன்றாக இறங்க வேண்டும், தண்ணீர் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருஷமாகக் கலக்குகிறேன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கமலநாதன் அண்ணனைப் பற்றித்தானே கேட்டீர்கள். இன்சூரன்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் ஃபிளாட்டில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் மனக்கட்டுப்பாட்டு வகுப்பு நடத்துவார். கட்டுப்பாட்டை அளக்க முடியும் என்பார். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட வேண்டும்: நாக்கு, வயிறு, கோபம், ஏக்கம். ஒவ்வொன்றுக்கும் தினமும் பத்துக்கு இவ்வளவு என்று நமக்கு நாமே மார்க் போட வேண்டும். ஏன் அந்த மார்க் என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

"காய்ச்சல அளக்க மீட்டர் இருக்கு. மனச அளக்க நீதான் மீட்டர் லா, தம்பி," என்பார்.

அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வருவார். "ஆறு புள்ளி ஒன்னு. ஏழுக்குள்ள இருக்கு, பாத்தியா? இதான் கட்டுப்பாடு." அவருடைய இனிப்பு டப்பா நான் தே கலக்கும் மேடைக்கு மேலே இருக்கும். சீனி இல்லாத இனிப்புத் தூள், பார்க்கப் பொடித்த சீனி மாதிரியே இருக்கும். பேர் எழுதி அவரே வாங்கி வைத்தது. ஒரு தே ஓவுக்கு இரண்டு கரண்டி. காலையில் இரண்டு கிளாஸ், மாலையில் ஒன்று, வீட்டுக்கு ஒரு பிளாஸ்க்.

நான் ஒன்றரை வருஷம் நோட்டு எழுதினேன். எனக்கு இங்கே பேச ஆள் கிடையாது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க வேண்டும் என அண்ணன் கேட்டார்.

"ஒரு வாரம் வெச்சிட்டு தரேன். யாருக்கும் காட்ட மாட்டேன், கவலப்படாத."

கொடுத்தேன்.

அந்த ஞாயிறு வகுப்புக்குத் தே கொண்டு வரச் சொல்லியிருந்தார். கோமுட்டர் ரயிலில் இரண்டு பெரிய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். மண்டபத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். நான் பின்னால் கப் அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் நோட்டை எடுத்துப் படித்தார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல தே கலக்குற ஒருத்தர் எழுதுனது. கேளுங்க. 'இன்று மதியம் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தேன். மனைவி ஞாபகம். ஏக்கம்: பத்துக்கு இரண்டு.'"

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தர், "மூட்ட எத்தன கிலோலா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். அண்ணனின் மனைவி புனிதா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நான் தே ஊற்றி நாற்பது பேருக்கும் கொடுத்தேன்.

அண்ணன் அப்புறம் என் தோளில் கை போட்டார். "பேரு சொல்லலியே தம்பி. எல்லாருக்கும் ஒரு பாடமா இருக்கட்டும்னுதான்."

"பரவாயில்லண்ணே," என்றேன்.

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள், "பாஸ், வீட்டுக்காரம்மா சௌக்கியமா? எலி கடிச்சிடாம பாத்துக்க," என்றார்கள். நான் யாரையும் திட்டவில்லை. கிளாஸைக்கூட வேகமாக வைக்கவில்லை.

அந்த வாரம்தான் டப்பாவைக் காலி செய்து, சீனியை மிக்ஸியில் லேசாக ஒரு சுற்று சுற்றி நிரப்பினேன். அதற்குப் பிறகு அவர் புதுத் தூள் வாங்கித் தரும்போதெல்லாம் அப்படியே செய்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு காரணம்தான். அவர் கட்டுப்பாடு எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மற்றவன் மனதை நாற்பது பேர் முன்னால் விரித்துப் படிக்கிறவர், தனக்கு மட்டும் தூள் போட்டு இனிப்பாகக் குடிக்கிறார். நிஜமாகவே கட்டுப்பாடு உள்ளவர் வெறும் தே ஓ கோசோங் குடித்திருப்பார். இனிப்பே இல்லாமல் குடித்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை யோசித்துப் பாருங்கள்.

முதல் கிளாஸில், "இன்னைக்கி நல்லா இருக்கு தம்பி," என்றார்.

மூன்று வாரத்தில் ஒன்பது புள்ளி நான்கு வந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினார். அது பதினொன்று காட்டியது. சோற்றை நிறுத்தினார். வெள்ளரிக்காய், அவித்த முட்டை. பதினான்கு. புனிதா அக்கா கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"உண்மைய சொல்லு வேலாயுதம். இங்க வந்து ஏதாச்சும் திங்கிறாரா? வீட்ல சத்தியம் பண்றாரு. நம்பவே முடியல."

"இங்க தே ஓ மட்டும்தான்க்கா. அதுவும் அவரு டப்பாலேருந்துதான்," என்றேன். அது பொய் இல்லை.

அப்புறம் அண்ணனுக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. "தூக்கத்துல எந்திரிச்சி திங்கிறேனோ என்னமோ," என்றார். பிரிட்ஜைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தார். டாக்டர் மருந்தைக் கூட்டியபோது, "தப்பு எம்மேலதான் டாக்டர், எனக்கு கண்ட்ரோல் இல்ல," என்று அவரே ஒப்புக்கொண்டாராம். தன் நோட்டை எனக்குக் காட்டினார். வயிறு என்ற கட்டத்தில் வரிசையாக முட்டை மார்க். கிள்ளான் வகுப்பை நிறுத்திவிட்டார். நான் அந்த நோட்டை யாருக்கும் படித்துக் காட்டவில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது மாதம் இடது கால் சுண்டுவிரலில் செருப்புக் கடித்த புண். ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். அடுத்த மாதம் முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிளாஸ்க் கொண்டுபோனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் புனிதா அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை இளைத்துப் போயிருந்தது.

"அன்னைக்கி ஒன் நோட்ட படிச்சேன் பாரு. பெரிய தப்பு தம்பி. நீ உண்மைய எழுதுன. நான் அத வெச்சி கை தட்டல் வாங்குனேன். எனக்கு என்ன யோக்கியத இருக்கு? என் வாய கட்ட முடியல. மன்னிச்சிடு."

அந்தக் கடையில் அதுவரை என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேண்ணே," என்றேன். உட்கார வைத்துத் தே ஓ கொடுத்தேன். இரண்டு கரண்டி.

அண்ணனின் மகள் ஷாமினி மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். பிளாஸ்க் வாங்க வந்தவள் டப்பா மூடியைச் சுற்றி எறும்பு ஏறுவதைப் பார்த்தாள். அந்தத் தூளுக்கு எறும்பு வராதாம். எனக்கு அது தெரியாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "அண்ணே, இது சீனி," என்று மட்டும் சொன்னாள். கத்தவில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அதற்குள் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலமானார்.

எல்லாம் நான் செய்ததுதான். வேறு யாருக்கும் தெரியாது. முதலாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மன்னிப்புக் கேட்ட பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நான் அவரை மன்னித்துவிட்டேன், சார். அன்றைக்கே, முழு மனதோடு. அதற்குப் பிறகு பத்து வாரம் நான் கலக்கிக் கொடுத்ததில் கோபம் துளிகூட இல்லை.