கடலோரம் போக ஏழு காரணங்கள்

எலியேசர்: …நாலாவது, காத்து. எழுதிட்டியாலே?

ஜெனோ: எழுதியாச்சுப்பா. நல்லது பக்கமா, கெட்டது பக்கமா?

எலியேசர்: ஏலே, கடல் காத்து கெட்டதாலே? நல்லது பக்கம் எழுது.

தேவமணி: அந்தக் காத்துல உப்பு இருக்கு. ஒரே வருஷத்துல ஜன்னல் கம்பி, கேட்டு, ஃப்ரிட்ஜு எல்லாம் துருப்பிடிச்சிரும். கெட்டது பக்கம் எழுதுலே.

ஜெனோ: ரெண்டு பக்கமும் எழுதிட்டேம்மா. காத்துதான, எங்கன வேணும்னாலும் போகும்.

எலியேசர்: எகத்தாளமா? நாலு மணிக்கு மேலப்பாளையத்துல இருந்து அலிமா பீவி அம்மா இந்த வீட்டை விலைக்குப் பார்க்க வாராங்க. பிடிச்சா இன்னைக்கே ஒப்பந்தம் எழுதிருவாங்க. அதுக்குள்ள உங்க அம்மைக்கு விளங்க வைக்கணும். அஞ்சாவது, மீன்.

தேவமணி: மீன் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கே வருது. வாரத்துக்கு ஒருநாள் நெத்திலி திங்கதுக்கு ஒரு மனுஷன் திருச்செந்தூருக்கு அங்கிட்டுப் போய் வீடு கட்டுவானா?

எலியேசர்: ஆறாவது, அமைதி.

ஜெனோ: திருச்செந்தூர்லயா?

எலியேசர்: ஊருக்கு வெளியலே. கடலலை நகர். நாம போய்ப் பார்க்கல?

ஜெனோ: பார்த்தோம். போற வழியில பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னால ரெண்டு மணி நேரம் நின்னோம். ‘அங்க போயிட்டா அமைதிடா, அமைதி’ன்னு சொல்லிக்கிட்டே ஹாரன் அடிச்சிய.

எலியேசர்: ஏழாவது, புது மனுஷங்க. எழுது.

தேவமணி: பழைய மனுஷங்களுக்கு என்ன வந்துச்சாம்?

எலியேசர்: ஒண்ணும் வரல. எழுதுலே.

தேவமணி: இருங்க. ஏழும் உங்க காரணம். என் காரணத்தை எவன் எழுதுவான்? எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. காலையில அஞ்சரை பஸ்ஸைப் பிடிச்சாத்தான் பிரேயர் பெல்லுக்குப் பள்ளிக்கூடம் வந்து சேர முடியும். நீங்க ரிட்டயர் ஆயாச்சு. அங்கன உக்காந்து கடலைப் பார்ப்பிய. நான் பஸ்ஸு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நிக்கவன் முதுகைப் பார்க்கணும்.

எலியேசர்: பழகிரும்.

தேவமணி: முதுகா?

எலியேசர்: பயணம்!

தேவமணி: அங்க போர்ல உப்புத் தண்ணி. பருப்பு வேகாது.

எலியேசர்: ஃபில்டர் மெஷின் வச்சுக்கிடலாம்.

தேவமணி: குளிக்கதுக்குமா? துணி துவைக்கதுக்குமா? இங்கன குழாயைத் திறந்தா ஆத்துத் தண்ணி வருது. அதை விட்டுட்டுப் போய்… இங்க பாருங்க, பாதி வீடு என் பேருல இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எலியேசர்: போட மாட்டியா?

தேவமணி: மாட்டேன்.

எலியேசர்: என்னைய மூணு வாரமாத் தூங்க விடாத வீடு இது! இதுல இருந்தா நான் செத்துருவேன், தெரியுமா?

தேவமணி: பைய பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

எலியேசர்: கேக்கட்டும்! ரெண்டு வீட்டுக்கும் ஒத்தச் சுவரு. அந்த பாக்கியசீலன் தும்முனா எனக்குக் கேக்கு. தினமும் எட்டு மணிக்கு ஜெபம் பண்ணுதான்லா, ‘இந்தப் பொறுப்பைத் தந்த ஆண்டவரே’ன்னு… அதைச் சுவரைப் பார்த்துப் பண்ணுதான்!

ஜெனோ: அப்ப எட்டாவது காரணம் பாக்கியசீலன் மாமான்னு எழுதவா?

எலியேசர்: எழுதுலே! முதல்ல எழுதியிருக்க வேண்டியது அதுதான்!

தேவமணி: ஓஹோ. சபைக் கமிட்டித் தேர்தல்ல தோத்ததுக்கா கடல்?

எலியேசர்: தோக்கதுல ஒரு முறை இருக்கு தேவமணி. பத்து ஓட்டுல தோக்கலாம். இருபதுல தோக்கலாம். நம்ம தெருவுக்கு ஒரு இடம், மொத்தம் அறுபத்திரெண்டு ஓட்டு. அவனுக்கு அறுபத்தொண்ணு. எனக்கு எத்தனைலே?

ஜெனோ: அதை ஏம்ப்பா இப்ப…

எலியேசர்: சொல்லுலே!

ஜெனோ: ஒண்ணு.

எலியேசர்: மைக்ல படிச்சாங்க. ‘எலியேசர், ஒன்று.’ கடைசி பெஞ்சுல ஒருத்தன் இருமுதான், சிரிப்பை அடக்க முடியாம. சரி, இந்த வீட்டுல எத்தனை ஓட்டு?

ஜெனோ: மூணு.

எலியேசர்: உங்க அம்மை என்ன சொன்னா? ‘உங்களுக்குத்தான் போட்டேன்’னா. நீ என்ன சொன்ன? ‘உங்களுக்குத்தாம்ப்பா’ன்ன. நான் எனக்குப் போட்டது ஒண்ணு. ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணும் எத்தனை?

ஜெனோ: மூணும் ஒண்ணுதான்னு ஞாயிறு பள்ளியில சொல்லிக்குடுத்தாங்கப்பா.

எலியேசர்: செருப்பு பிஞ்சிரும்! இந்த வீட்டுல எவன் துரோகி? எவ துரோகி? இன்னைக்கு எனக்குத் தெரியணும்.

தேவமணி: சத்தம் போடாதிய. சொல்லுதேன். நான் போடல.

எலியேசர்: நீயா?

தேவமணி: போன தடவை கமிட்டியில இருந்தியள்லா. கோயில் அசன விருந்துக்குச் சாம்பார்ல கத்தரிக்காயா முருங்கைக்காயான்னு ஆறு மாசம் சண்டை. விடியக்காலம் ஃபோன். மத்தியானம் மொட்டைக் கடிதாசி. ஊரே ஒரு வேளைச் சோறு தின்னுட்டுப் போயிட்டு. எனக்கு இங்க சோறே இறங்கல. இன்னொரு மூணு வருஷம் என்னால முடியாதுன்னு பாக்கியசீலனுக்குப் போட்டுட்டேன்.

எலியேசர்: நல்லாருக்கு… நல்லாருக்கு! அப்ப ஜெனோ, நீயாவது…

ஜெனோ: நானும் மாமாவுக்குத்தாம்ப்பா. வாலிபர் சங்கத்துக்கு கேரம் போர்டு வாங்கித் தாறேன்னாரு. நீங்க, ‘வாலிபன் வேதம் வாசிக்கணும்’னு சொன்னிய.

எலியேசர்: ரெண்டு பேருமா?

ஜெனோ: ஆமா.

எலியேசர்: ரெண்டு பேருமே போடலியா?

தேவமணி: எத்தனை தடவை சொல்லணும்?

எலியேசர்: நல்லா யோசிச்சுப் பாரு தேவமணி. அன்னைக்கு நீ கண்ணாடி கொண்டு வரல. கைதவறிக்கூட எம்பேருல…

தேவமணி: கண்ணாடி போட்டுக்கிட்டு, ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துத்தான் குத்துனேன்.

எலியேசர்: நான் என்ன நெனச்சேன்னா… சரி, விடு.

தேவமணி: என்னத்தை விட? கத்தரிக்காயில தொடங்கி கடல் வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கிய. காத்தாம், மீனாம், அமைதியாம்! உங்க ரோஷத்துக்கு நான் ஏன் அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்கணும்?

எலியேசர்: ரோஷம்தான்! காலையில பேப்பர் எடுக்கப் போனா அவன் முகத்துல முழிக்கணும். ‘தோத்திரம் சார்’ங்கான். அந்தத் தோத்திரத்துல எவ்வளவு இளக்காரம்!

ஜெனோ: இளக்காரம்லாம் இல்லப்பா. அவரு உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம்.

எலியேசர்: என்னதுலே?

ஜெனோ: கேரம் போர்டை இறக்கும்போது எங்கிட்டச் சொன்னாரு. ‘எனக்கு நானே போட்டா சாட்சி கெட்டுப்போகும்லே, விசுவாசிக்கு அது அழகில்ல. உங்க அப்பாவுக்குத்தான் போட்டேன்’னு. நீங்க இருந்த கோவத்துல நான் வாயைத் திறக்கல.

தேவமணி: பச்சைப் பொய்!

ஜெனோ: எனக்கென்னம்மா தெரியும். அவரு சொன்னாரு.

தேவமணி: இவங்களுக்கு விழுந்ததே ஒண்ணு. அது இவங்க போட்டது. அப்ப அந்த ஆளு போட்ட ஓட்டு எங்க போச்சு, பெட்டிக்குள்ள கரையான் தின்னுட்டா? அறுபத்தொண்ணு வாங்கியும் ஆசை அடங்கல. நல்லவன்னும் பேரு வேணும். அதுவும் தோத்தவன் பிள்ளைகிட்ட!

எலியேசர்: மெதுவாப் பேசு தேவமணி…

தேவமணி: ஏன் மெதுவா? சுவருக்கு அங்கிட்டு நல்லாக் கேக்கட்டும்! இப்பிடி ஒரு புளுகன்னு தெரியாம நானும் ஓட்டைப் போட்டேனே! கிறிஸ்மஸுக்கு முறுக்கு வேற குடுத்துவிட்டேனே!

எலியேசர்: சரி, அவன் ஏதோ… விட்டுரு.

தேவமணி: விட மாட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. இவன் பக்கத்துல மனுஷன் குடியிருக்க முடியாது. அஞ்சரை பஸ்ஸு என்ன, நாலரை பஸ்ஸுன்னாலும் போறேன். ஏலே ஜெனோ, அந்தப் பேனாவைக் கொண்டா. கையெழுத்துப் போடுதேன்.

ஜெனோ: அப்பா, வாசல்ல ஆட்டோ நிக்கு. அலிமா பீவி அம்மா இறங்குதாங்க.

தேவமணி: உள்ள கூப்பிடு. என்னங்க, முழிக்கிய? உங்க ஆசைப்படிதான நடக்கு? எந்திரிச்சுப் போய் வாங்கன்னு சொல்லுங்க!

எலியேசர்: அது வந்து…

தேவமணி: வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுங்க!

எலியேசர்: பேனாவை வை தேவமணி. அவன் பொய் சொல்லல. சாட்சி கெட்டுப்போகும்னு நான் எங்க எனக்குப் போட்டேன்… அவனுக்குல்லா போட்டேன்.