படமலரை நிறுத்தலாம் என்று வந்தேன்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமகனார் ஸைனுலாப்தீன் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோர்களே, குண்டுக்கும் பஞ்சத்துக்கும் நடுவிலே அடுப்பை அணையவிடாத அன்னையர்களே, சந்தா தந்து என் படமலரைத் தாங்கிய சான்றோர்களே, பாக்கியரத்தினம் என்னும் இந்தப் படக்காரனின் பணிவான வணக்கம்.

பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகப் பேசச் சொல்கிறார். ஐயா, இருக்கின்ற சத்தம் இவ்வளவுதான். களைத்த தொண்டை, பொறுத்தருளுங்கள்.

அச்சகம் இல்லை, ஆதரிக்க முதலாளி இல்லை. படத்தை நானே எடுத்தேன், நானே கழுவினேன், நானே தாளில் ஒட்டித் தைத்தேன். சந்தா கட்டிய உங்கள் வாசலுக்குப் பருவந்தோறும் ஒரு படமலர் வந்தது. கடலும் கப்பலும் கோணமலையும் அதில் வந்தன. பிறகு போர் வந்தது. துறைமுகத்தைப் படம்பிடித்தால் சிறை என்றார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகங்களைப் பிடிக்கத் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு, புத்தாண்டுக்குப் பலகாரம் சுடவேண்டிய வாரத்திலே நமது துறைமுகத்தில் விமானக் குண்டு விழுந்தது. ஊர் உடைந்தது; உறவு சிதறியது. சந்தாதாரர் பாதிப்பேர் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டார்கள். தாள் இல்லை, கழுவ மருந்து இல்லை. யாருக்காக இந்தப் பாடு? இன்னும் ஒரு மலர், அதோடு போதும் என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கடைசி மலருக்காகக் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். அங்கே ஜெமீலா என்னும் சந்தாதாரத் தாய் வீட்டு முற்றத்தில் ஒரு மனிதர் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். பெயர் தம்பு. துறைமுகத்துக் கூலி. காயத்தோடு வந்தவரை அந்தத் தாய் தேற்றி வைத்திருந்தார். கமராவைத் திருப்பியதும் தம்பு முகத்தை மறைத்தார்.

"என்னைப் பிடிக்காதேங்கோ. பாக்க ஒருத்தரும் இல்லை. வீடு எரிஞ்சுபோச்சு, அதுக்குள்ள இருந்த சனமும் போச்சு."

ஜெமீலா உள்ளிருந்து சொன்னார்: "நாங்க பாக்கிறம்தானே. கைய எடுத்துட்டு நேரா இரிங்க."

இருந்தார். எடுத்தேன். மங்கலான படம். ஒட்டினேன், அனுப்பினேன்.

மட்டக்களப்பிலே ஒரு கடை. கடைக்காரர் யோகராசா நமது சந்தாதாரர். மலரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி வாங்க வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அரிசியை மறந்தாள்.

"இது என்ர மனிசன்" என்றாள்.

அவள்தான் பூரணம். வீடு எரியுமுன்பே பிள்ளைகளோடு வண்டியேறித் தப்பியவள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தவள்.

என்னைத் தேடி வந்தாள். நானே அவளைக் குறிஞ்சாக்கேணிக்கு அழைத்துப் போனேன். தம்பு எழுந்து நின்றார். கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது.

"செத்தவைக்குச் செய்யிற அந்திரட்டியும் நான் உங்களுக்குச் செய்து முடிச்சனான்" என்றாள் பூரணம்.

"அப்ப அந்த வேலை முடிஞ்சுது" என்றார் தம்பு. "பிள்ளையள்?"

"ரெண்டும் சுகமா நிக்குதுகள்."

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். பிறகுதான் அந்த மனிதர் குந்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெமீலா உம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்று அந்தக் குடும்பம் பாலையூற்றிலே வாடகை வீட்டில் இருக்கிறது.

அன்பர்களே, போர்முனைகளின் பெயரெல்லாம் பத்திரிகையில் வருகின்றன. கட்டைபறிச்சானில் ஒதுங்கியவனின் பெயர் வருகிறதா? கிண்ணியாவில் காயம் ஆறுகிறவனின் முகம் வருகிறதா? இன்னார் இருக்கிறார், இங்கே இருக்கிறார், இன்னும் இருக்கிறார் என்று எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நிப்பாட்டாதேங்கோ" என்கிறது. அம்மா, நிறுத்தப்போகிறேன் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். கை ஓய்ந்துவிட்டது, கண்ணும் ஓய்ந்துவருகிறது. ஆனாலும் பூரணம் கடையிலே நின்ற நிலையை நினைத்தால் நிறுத்த ஏலாது. பக்கம் குறையலாம், படம் மங்கலாகலாம், மலர் வரும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உற்றார் தெரியாமல் உங்கள் வீட்டில் ஒதுங்கியிருப்பவர் யாராவது உண்டா? சொல்லுங்கள், நடந்தாவது வருவேன். மாலை வாங்கி வைத்திருப்பதாகத் தலைவர் சொன்னார். அது சாமிக்குப் போகட்டும். உங்களில் ஒருவர் எழுந்து ஒரு பெயரைச் சொன்னால், அதுவே எனக்கு மாலை.

இவ்வளவு நேரம் இருந்து கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. குண்டுக்குப் பயந்து ஊர் விளக்கணைக்கும் நேரம் நெருங்குகிறது. பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம், ஸலாம்.