முனீர் கட்டிய இரட்டைக் கேபிள்

முனீர் தங்கமான மனுஷன், சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். ஃபேனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினால் நிதானமாகச் சொல்வேன்.

நான் லக்ஷ்மிநாராயணன். மாடம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர். பிரிவில் அப்போது நான் ஒருவன்தான், ஆனாலும் தலைவர். கீழே லேப், மூன்றாவது மாடியில் ஐ.சி.யூ. இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் ஒவ்வொன்று, நடுவே ஒரே கேபிள். காலை நேரத்தில் அதில் ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல். ரிப்போர்ட் ஊர்ந்து வரும். "கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்று மாடிக்கு மாடி கூப்பிடுவார்கள். போய் ஒரு ஒயரைப் பிடுங்கிச் செருகுவேன். காபி வரும். ஒருமுறை சேர்மனே எனக்காக எழுந்து நின்றார். சொந்த மாமனாருக்கே எழுந்து நிற்காதவர், சார்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் செத்துவிடும் என்ற பயத்தில் சேர்மன் இந்த வருஷம் முனீரையும் சேர்த்தார். அனகாபுத்தூர்க்காரர். வந்த வேகத்தில் இன்னொரு கேபிள் இழுத்து, இரண்டு பக்கமும் கேபிள் செருகும் போர்ட்டுகளை ஸ்விட்ச் செட்டிங்கில் ஒன்றாகக் கட்டினார். "ரெண்டு ஒயரையும் ஸ்விட்ச் இனிமே ஒரே ஒயர்னுதான் நினைச்சுக்கும் சார். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு ஓடும்," என்றார். அதையும் என்னிடம் அனுமதி கேட்டு, மரியாதையாகச் செய்தார். அதுதான் பொறுக்கவில்லை.

ரிப்போர்ட் பறந்தது. லேப்காரர்கள் ரிப்போர்ட்டைச் சொல்ல மாடிக்கு ஃபோன் செய்வதையே விட்டுவிட்டார்கள். எனக்குக் காபியும் நின்றது. ஐ.சி.யூ. நர்ஸ் அம்மணி, "இன்னா சார், இப்பல்லாம் வேலயே இல்லாம ஜாலியா கீறீங்க போல," என்றார். சிரித்துவைத்தேன்.

புதன்கிழமை தங்கை ஜஹீராவின் நிக்காஹுக்காக முனீர் லீவு. இரண்டு ஸ்விட்சிலும் அந்தக் கட்டை அவிழ்த்தேன். கேபிள்களைத் தொடவில்லை. கட்டு இல்லாமல் இரண்டு கேபிள் இருந்தால் ஒன்றில் போகும் தகவல் மற்றதில் திரும்பி வந்து, ஓயாமல் சுற்றும். அப்படிச் சுற்றாமல் தடுக்க ஒரு வசதி உண்டு, அதையும் அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர்கள் உறைந்தன. லீவுக்கு முன்பே முனீர் செய்துவைத்துவிட்டுப் போனதாக உங்கள் இன்ஸ்பெக்டர் நினைக்கிறார். "இவ்ளோ நுணுக்கமா பண்ண அந்தாளாலதான் முடியும்" என்று பேப்பர்காரர்களிடம் வேறு சொன்னாராம். தப்பு. எனக்கும் முடியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

யாராவது கூப்பிடுவார்கள் என்று ஐ.சி.யூ.வில் போய் நின்றேன். அங்கே பொன்னுரங்கம் என்று கீழ்க்கட்டளைக்காரர் ஒருவர், ரிட்டயர்டு பஸ் டிரைவர். சர்க்கரை ஏறிச் சேர்ந்தவர், தேறி வந்துகொண்டிருந்தார். "சாம்பார்ல உப்பே இல்ல சார். உன் பொட்டில தட்டி சரி பண்ணேன்," என்று என்னைக் கலாய்த்தார். நல்ல மனுஷன்.

அம்மணி திரையைப் பார்த்தார். அதில் காலையில் வந்த சர்க்கரை அளவு நின்றிருந்தது, மிக அதிகம். மதியம் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. அந்த ரிப்போர்ட் லேப்பிலேயே சிக்கிக் கிடந்தது. திரை உறைந்தது அம்மணிக்குத் தெரியாது. "முனீர் சார் வந்தப்புறம் ரிப்போர்ட் லேட்டானதே இல்ல டாக்டர்," என்று பக்கத்தில் நின்ற டியூட்டி டாக்டரிடம் சொல்லி, அவர் தலையாட்டியதும் இன்சுலினை ஊசியில் ஏற்றினார்.

திரையோரக் கடிகாரம் நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன். அந்த எண் பழையது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதன் பிறகு பொன்னுரங்கம் கண் திறக்கவில்லை. கீழே போய்க் கட்டை மறுபடி போட்டு எல்லாவற்றையும் ஓடவிட்டேன். சேர்மன் கை குலுக்கினார். காபியும் வந்தது, நல்ல சூடாக.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நான் கம்ப்யூட்டர் பிரிவு, சார். நர்ஸ் வேலையில் மூக்கை நுழைப்பது நாகரிகமில்லை. அம்மணி என் பக்கம் திரும்பி, "இது சரியா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று, ஊசி முழுக்க இறங்கும்வரை பக்கத்திலேயே காத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் கேட்கவில்லை.