டிக்கெட்டோடு பின்வாசலில்

மைசூரு ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் தலை நரைத்த ஒரு அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள்.

“தங்கவயல்ல சுரங்கக் கம்பெனி தொரை பங்களாவ இப்ப டிக்கெட் போட்டு காட்டுறாங்கம்மா. நான் டிக்கெட்ட வாங்கிட்டு பின்வாசல்ல போய் நின்னுட்டேன்.”

“ஏண்ணா, முன்வாசல் தொறக்கலையா?”

“தொறந்துதான் இருந்துச்சு. அம்மா வேலைக்குப் போறப்ப நம்மள அந்தப் பக்கமாத்தானே கூட்டிட்டுப் போகும்? கால் தானா போயிடுச்சு.”

“உள்ள போனியா?”

“போனேன். அம்மா தினம் தொடைக்குமே, அந்தப் பெரிய மேஜை, அப்படியே இருக்கு. சுத்தி கயிறு கட்டி, தொடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க.”

வரிசை ஓரடி நகர்ந்தது. தங்கை நகரவில்லை.

“தொட்டியா?”

“கையால தொடலம்மா. மேல அவ்ளோ தூசி. அம்மா பாத்தா விடுமா? கர்ச்சீப்பால தொடைச்சிட்டு வந்தேன்.”