மோட்டாருக்கு ஒரு சிம்

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் திராட்சைத் தோட்டக்காரர். மற்றவர் உத்தமபாளையத்தில் ஏறிய அவருடைய பழக்கக்காரர்.

"எனக்கு மலிவு சிம்மே போதும்ணே. மோட்டாருக்குத்தான் வெல கூடுன சிம்மு," என்றார் தோட்டக்காரர்.

இதற்குமேல் நான் சன்னல் பக்கம் எப்படித் திரும்புவது?

"மோட்டாருக்கு எதுக்குப்பா சிம்மு?"

"போன் அடிச்சா மோட்டார் தானா ஓடும்ணே. மலையடிவாரத்துல அந்த ஒரு கம்பெனி டவர்தான் கெடைக்குது. ஸ்டார்ட்டர் பெட்டியில மைக்கும் இருக்கு. தண்ணி விழுற சத்தம் தேனி வரைக்கும் கேக்கும்."

தோட்டக்காரர் நம்பரைப் போட்டு, போனைப் பழக்கக்காரர் காதில் வைத்தார்.

"கேக்குதாண்ணே?"

"நல்லா விழுகுதுப்பா. ரெண்டு பேரு பேசிக்கிறாக."

"இன்னைக்குத் தோட்டத்துல ஆளே கெடையாதே. என்ன பேசுறாக?"

பழக்கக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மோட்டார் ஓடுதேன்னு ஒருத்தன் பயப்படுறான். இன்னொருத்தன், 'ஏலே, பதறாம பழத்த வெட்டு, அந்தாளு தேனி பஸ் ஏறுனதப் பாத்துட்டுத்தான் வந்தேன்'ங்குறான்."