ஐந்தாம் தீர்மானமும் ஒரு தட்டுத் திராட்சையும்

அவைக்குத் தலைமை ஏற்று அசையாமல் அமர்ந்திருக்கும் நம் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் சண்முகராஜ் அவர்களே! பந்தல் போட்டுப் பழம் வளர்த்துப் பார்புகழ வாழும் பெரியோர்களே! மூன்று நாள் மருந்தடிப்புப் பயிற்சிக்கு முதல் நாள் கையெழுத்துப் போட்டு, மூன்றாம் நாள் சான்றிதழ் மட்டும் வாங்க வந்த என் அருமைச் சகாக்களே! கூடலூர்க் காற்றைப் போலக் குளிர்ந்த உள்ளம் கொண்ட தாய்மார்களே! மின்விசிறி எட்டாத கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் அக்கம்மாள் அவர்களே, அவரோடு வந்திருக்கும் பதினொரு பெண்களே! அனைவருக்கும் அனுமந்தன்பட்டி பாண்டியராஜனின் பணிவான வணக்கம்.

இன்றைய ஐந்தாம் தீர்மானத்தை வழிமொழிய என்னை அழைத்திருக்கிறார்கள். என்ன தீர்மானம்? திராட்சை வெட்டும் அக்கம்மாளையும் அவருடைய ஆட்களையும் இனிச் சங்க உறுப்பினர் எவரும் தோட்டத்துக்கு அழைப்பதில்லை என்ற தீர்மானம். பன்னிரண்டு வீட்டு அடுப்பை ஒரே மூச்சில் ஊதி அணைக்கும் அரும்பணி! அதற்கு என் வாய் வேண்டுமாம். தருகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சொல், ப்ரீ ஹார்வெஸ்ட் இன்டர்வெல்!

அதற்குள் ஏனய்யா கைதட்டுகிறீர்கள்? இன்னும் நான் பொருளே சொல்லவில்லையே!

சொல்லும்போதே வாய் நிறைகிறது அல்லவா? நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? பழத்துக்குக் கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் அதைப் பறிக்கும் நாளுக்கும் நடுவே விடவேண்டிய நாட்கள். அவ்வளவுதான் அதன் பொருள். மருந்து டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். நான் அடித்த மருந்துக்குப் பதினைந்து நாள்.

பொருள் இத்தனை சிறிது. பயன்பாடோ எத்தனை பெரிது! நம் தோட்டத்து வாசல்தோறும் பச்சைப் பலகையில் இந்தச் சொல்லை எழுதி வைத்தோம். கீழே 'மருந்து அடித்த நாள்' என்று போட்டு ஒரு கட்டம் விட்டோம். இரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் சிலந்திதான் குடியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து வரும் வியாபாரி, "மருந்தடிச்சிட்டு எத்ர திவசமாயி?" என்று கேட்கிறார். நாம் எத்தனை நாள் என்று சொன்னோமா? இந்தச் சொல்லைச் சொன்னோம். அவரும் தலையாட்டிவிட்டுப் பெட்டியை ஏற்றினார். போன வைகாசியில் ஒரு பெண் பார்க்கும் வீட்டில், "மாப்பிள்ளை ப்ரீ ஹார்வெஸ்ட் இன்டர்வெல் எல்லாம் படிச்சவரு" என்று நம்மவர் ஒருவரே பெருமை பேசினார். கல்யாணமும் நடந்துவிட்டது!

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன மாதம், மருந்து அடித்து நான்காம் நாள், என் தோட்டத்து வாசலில் லாரி வந்து நின்றது. அக்கம்மாள் தன் ஆட்களோடு கத்தரியும் கையுமாக வந்தார். வந்தவர் பந்தலுக்குள் நுழையவில்லை.

"அண்ணே, மருந்தடிச்சு எத்தன நா ஆச்சு?"

நான் பொய் சொல்லாதவன். ஆகவே இங்கிலீஷில் சொன்னேன். "ப்ரீ ஹார்வெஸ்ட் இன்டர்வெல்லெல்லாம் பாத்தாச்சு ஆத்தா. நீங்க வெட்டுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. போன தடவ வெட்டுனதுல இந்தா, இந்த நதியாப் பிள்ளைக்கு முழங்கை வரைக்கும் தடிச்சுப்போயிக் கெடக்கு. எத்தன நா? அத மட்டும் சொல்லுங்க."

நான் லாரிப் பக்கம் திரும்பிக் காலிப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிண்ணே. அப்ப அங்கன ஓரத்து வரிசையில இருந்து ஆரம்பிக்கிறோம்" என்றார்.

பதறிப் போனேன். "ஏத்தா, அதத் தொடாதீக! அது வீட்டுக்கு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள்! ஓரத்து வரிசை என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் தெரியாதவர் யார்? மருந்து படாமல் வளர்ப்பது. நம் பிள்ளைக்கு, சம்பந்தி வீட்டுக்கு, சாமிக்கு. ஓரத்து வரிசை இல்லாத தோட்டக்காரர் கையைத் தூக்குங்கள். என்ன, ஒரு கைகூட எழவில்லையே? அந்த வரிசையை ஒதுக்கத் தெரிந்த நமக்கா இந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது?

அக்கம்மாள் கத்தரியை இடுப்பில் செருகினார். "ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது, லாரியில ஏறுனா ஆகிருமாண்ணே?" என்று கேட்டார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் கம்பம் வரை சொல்லிக்கொண்டே போனார். இதுதான் சங்கத்தின் மானத்தை வாங்கிய குற்றம். மிச்சம் பதினொரு நாள் நான் காத்திருந்தேன். உத்தமன் என்பதால் அல்ல, லாரி வெறுமனே திரும்பிவிட்டதால்! அந்த நாட்களில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சரி, வழிமொழிகிறேன். தலைவருக்கு முன்னால் ஒரு வெள்ளித்தட்டு இருக்கிறது. தட்டு நிறைய திராட்சை. தலைவர் தோட்டத்துப் பழம், இன்று காலையில் வெட்டியது என்று வரவேற்புரையில் மார்தட்டினார்கள். இரண்டு மணி நேரமாக மேடையில் ஏழு பேர் இருக்கிறோம். வடை தீர்ந்தது, காபி தீர்ந்தது, ஜாங்கிரி தீர்ந்தது. திராட்சையில் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லையே, ஏன்?

தலைவர் அவர்களே, அது ஓரத்து வரிசையா, லாரி வரிசையா? ஒரே ஒரு பழம் வாயில் போடுங்கள். மறு நொடியே தீர்மானத்தை வழிமொழிகிறேன்.

என்ன சொல்கிறார்? சர்க்கரையாம்! மூன்று ஜாங்கிரி போனபோது அந்தச் சர்க்கரை எங்கே போயிருந்தது?

பார்த்துக்கொள்ளுங்கள் பெரியோர்களே, பார்த்துக்கொள்ளுங்கள் தாய்மார்களே! தலைவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பொருள் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. அக்கம்மாள் அவர்களே, அடுத்த வெட்டுக்கு நீங்கள் பன்னிரண்டு பேரும் என் தோட்டத்துக்கு வரவேண்டும். சிலந்தியை விரட்டிவிட்டேன். மருந்து அடித்த நாளைப் பலகையில் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள். எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள். என் பிள்ளைக்கும் அதிலிருந்தே ஒரு குலை வெட்டிக் கொடுங்கள்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், பழத்தைத் தொடாத கைகளுக்கும் நன்றி. வணக்கம்!